எஸ். ஜே. தே. ஜே. – சர்க்கார் ஜவாப்தாரி அல்ல

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண் ஏறிப் பார்த்தவர்களுக்கு இந்த நான்கு எழுத்து தெரிந்திருக்கும். பெஜோ கம்பெனியின் மரப்பெட்டிக் காப்பி அரைக்கும் மெஷின் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கீழே இழுப்பறையில் தூள் விழும். (இன்றைக்குக் கார் செய்கிற அதே பெஜோதான். காருக்கு முன்னால் அவர்கள் ரம்பமும் காப்பி மெஷினும் செய்தார்கள்.) அதன் பித்தளைத் தகட்டில் கம்பெனிப் பெயருக்குக் கீழே 'பிரவெத்தே' என்று ஒரு சொல்லும், அதை அடுத்து எஸ். ஜே. தே. ஜே. என்று நான்கு எழுத்தும் பொறித்திருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 'ஜி' எழுத்தை 'ஜே' என்றுதான் படிப்பார்கள். பூட்டு, தராசு, விளக்கு என்று பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சாமான் பலவற்றிலும் இதைக் காணலாம்.

விருதுநகர், சிவகாசி வாசகர்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நம் ஊர்ப் பட்டாசுப் பெட்டிக்கே வந்து சேருகிறேன்.

'பிரவே' என்றால் எங்கள் ஊரில் பரீட்சை. பதினைந்து வயதில் பிரவே பாஸ் செய்தவனுக்கு அந்தக் காலத்தில் குமாஸ்தா வேலை நிச்சயம். அதனால் காப்பி மெஷின் எந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதியது என்று எங்களுக்குள் கேலி உண்டு. புதிதாகக் கண்டுபிடித்த பொருளுக்கு அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் உரிமைப் பத்திரத்துக்கும் 'பிரவே' என்றே பெயர் என்று பிரெஞ்சு வாத்தியார் ஒரு நாள் சொன்னார். இங்கிலீஷ்காரன் பேட்டன்ட் என்பதும், நாம் இப்போது காப்புரிமை என்பதும் அதுதான். 'பத்தாந்த்' என்ற சொல்லும் பிரெஞ்சில் உண்டு. அது கடைக்காரர் கட்டும் தொழில் வரி. எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் "இந்த வருஷம் பத்தாந்த் கட்டியாச்சு" என்பார். அவர் எதையும் கண்டுபிடித்ததில்லை, புளியில் தண்ணீர் தெளிக்கும் வித்தையைத் தவிர.

நான்கு எழுத்தின் விரிவு 'சான் கராந்தி து கூவெர்ன்மான்'. அரசாங்கத்தின் உத்தரவாதம் இல்லாமல் என்று பொருள். முழுதாகச் சேர்த்துப் படித்தால், "காப்புரிமை பெற்றது, அரசாங்க உத்தரவாதம் கிடையாது." நம் பாஷையில் சொல்வதானால், சர்க்கார் ஜவாப்தாரி அல்ல.

உரிமையைக் கொடுப்பது அரசாங்கம். முத்திரை குத்துவதும் அதுவே. பிறகு எனக்கு இதில் பொறுப்பில்லை என்று அந்தப் பொருளின் மேலேயே எழுதச் சொல்வதும் அதே அரசாங்கம். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவனுக்கு இதைவிட ரசமான வாசகம் வேறு கிடைக்காது. அந்த ரசத்துக்குப் பின்னால் நியாயமான காரணமும் உண்டு.

பிரெஞ்சுப் புரட்சி நடந்த சூட்டில் 1791 ஜனவரி 7ஆம் தேதி அங்கே முதல் காப்புரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு ராஜா மனது வைத்தால்தான் தனியுரிமை. விஞ்ஞானிகள் சபை பொருளைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும், ராஜா கையெழுத்துப் போடுவார். புரட்சிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. மனிதன் தன் மூளையால் கண்டது அவனுடைய சொத்து. சொத்தைப் பதிய வருகிறவனிடம், உன் நிலத்தில் நெல் விளையுமா, புல் விளையுமா என்று பத்திரப் பதிவாளர் கேட்பதுண்டா? ஆகவே சோதனை எதுவும் வேண்டாம், கேட்டவருக்கு எல்லாம் கொடு என்றார்கள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. அரசாங்க முத்திரை போட்ட காகிதம் கையில் கிடைத்ததும், முடி வளரும் தைலக்காரனும் பல்வலி லேகியக்காரனும் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்கள். சர்க்காரே ஒப்புக்கொண்ட மருந்து என்று சனங்களும் நம்பினார்கள். நெப்போலியன் முதல் கான்சலாக இருந்த 1800ஆம் வருஷம் ஓர் உத்தரவு போட்டார்கள். சோதனை செய்யாமல் கொடுக்கும் உரிமை இது. இந்தப் பொருளை இவர்தான் முதலில் கண்டார் என்பதற்கோ, இதன் தரத்துக்கோ, வெற்றிக்கோ அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கவில்லை என்ற கருத்தை ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் அச்சிட வேண்டும் என்பது அந்த உத்தரவு.

பத்திரத்தின் அடியில் போட்டால் யார் பார்க்கிறார்கள்? பத்திரம் முதலாளியின் அலமாரியில் இருக்கும். வாங்குகிறவன் கண்ணில் படுவது பொருள்தான். இதைப் புரிந்துகொண்டு 1844 ஜூலை 5ஆம் தேதிச் சட்டத்தில் ஒரு படி மேலே போனார்கள். அதன் 33ஆவது விதிப்படி பெயர்ப்பலகை, விளம்பரம், சுவரொட்டி, முத்திரை என்று எதில் தன்னைக் காப்புரிமை பெற்றவன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டாலும், பக்கத்திலேயே 'அரசாங்க உத்தரவாதம் இன்றி' என்றும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 50 பிராங்கிலிருந்து 1,000 பிராங்க் வரை அபராதம். மறுபடி செய்தால் இரட்டிப்பு. இத்தனை நீளத்தைத் தகட்டில் பொறிக்க இடம் ஏது? நான்கு எழுத்தாகச் சுருங்கியது. 1968 ஜனவரியில் புதுச் சட்டம் வந்து பழையதை மாற்றும் வரை, நூற்று இருபத்து மூன்று வருஷம் அந்த எழுத்துக்கள் சட்டப்படி உயிரோடு இருந்தன.

ஆனால் நடைமுறையில் நடந்தது வேறு. சனங்களுக்கு அர்த்தம் மறந்து போயிற்று. எழுத்து மட்டும் கம்பீரமாக நின்றது. எஸ். ஜே. தே. ஜே. போட்டிருந்தால் ஒஸ்தியான சாமான் என்று எங்கள் பாட்டி உறுதியாக நம்பினார். பித்தளைப் பாத்திரக்காரர் காப்பி மெஷினை எடைக்குக் கேட்டபோது, "சர்க்கார் முத்திரை இருக்குதுப்பா, பார்த்து விலை சொல்லு" என்று அவர் தகட்டைக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. உத்தரவாதம் இல்லை என்ற எழுத்தே உத்தரவாதமாகிவிட்டது.

இங்கிலீஷ் வழிச் சொல்லான பேட்டன்ட்டுக்கு வருவோம். லத்தீனில் 'திறந்திருத்தல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. இங்கிலாந்து ராஜாவின் ஆபீசில் இரண்டு வகைக் கடிதங்கள். ஒன்று மடித்து அரக்கு வைத்து ஒருவருக்கு மட்டும் போவது, மூடிய கடிதம். மற்றது மடிக்காமல், அடியில் முத்திரை தொங்க, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவது. அந்தத் திறந்த கடிதத்துக்குத்தான் 'லெட்டர்ஸ் பேட்டன்ட்' என்று பெயர். நம் ஊர்க் கோயில் கல்வெட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னாருக்கு இன்ன உரிமை கொடுத்தோம், எல்லோரும் அறிக. பேட்டன்ட் என்றால் ரகசியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நேர்மாறு. செய்முறையை ஊரறியச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதிலாகச் சில வருஷம் பிறர் அதைச் செய்யாமல் அரசாங்கம் காவல் நிற்கும். தவணை முடிந்தால் ஊர்ச் சொத்து.

இந்தியாவில் இதற்கு முதல் சட்டம் 1856இல் வந்தது. அதில் பேட்டன்ட் என்ற சொல் கிடையாது, 'பிரத்தியேக உரிமை' என்றே இருந்தது. முதல் உரிமை பெற்றவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங். அவர் கண்டது பங்கா இழுக்கும் இயந்திரம்! துரைமார் தலைக்கு மேல் துணி விசிறியைக் கயிறு கட்டி இழுக்கும் கூலியாளுக்குப் பதிலாக மெஷின். மகாராணியின் அனுமதியை முன்கூட்டிப் பெறாமல் போட்ட சட்டம் என்பதால் மறு வருஷமே அதை ரத்து செய்து, 1859இல் திருத்தி மறுபடி போட்டார்கள். பிறகு 1888, 1911 என்று சட்டங்கள் மாறி, 1970இல் இன்றைய சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் 20 முதல் அமல்.

பிரெஞ்சுக்காரனின் நான்கு எழுத்து நம் சட்டத்தில் உண்டா என்று பார்த்தால், உண்டு. 13ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவு. விண்ணப்பத்தை அதிகாரிகள் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனையால் காப்புரிமை செல்லும் என்று உறுதி கொடுத்ததாக ஆகாது. அதனால் மத்திய அரசுக்கோ அதிகாரிக்கோ எந்தப் பொறுப்பும் கிடையாது. இதுதான் அதன் சாரம். பிரான்சில் சோதிக்காமல் கொடுத்ததால் உத்தரவாதம் இல்லை என்றார்கள். நாம் சோதித்துவிட்டும் உத்தரவாதம் இல்லை என்கிறோம். யோசித்தால் இதுவும் நியாயம்தான். உலகத்தில் எந்த மூலையில் எவன் முன்பே செய்திருக்கிறான் என்று ஒரு அதிகாரி மேஜையில் உட்கார்ந்து முழுதும் அறிய முடியுமா?

இதைச் சுப்ரீம் கோர்ட் விளக்கிச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. பாத்திரக் கடைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டுத்தான் சுரண்டி மெருகேற்ற வேண்டும். சரியாகப் பிடிக்காவிட்டால் பாத்திரம் கழன்று தெறிக்கும், ஆள் முகத்தில் அடிக்கும். ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கூர்முனையால் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு 1951இல் காப்புரிமை வாங்கியது. அதே தொழிலில் இருந்த பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற நிறுவனமும் அந்த முறையைக் கையாண்டது. வழக்கு அலகாபாத் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. ஒற்றை நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள் அதை நிலைநிறுத்தினார்கள். கடைசியில் 1978 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடி ரத்து செய்தது. கடைசல் எந்திரத்தில் இரு பக்கமும் பிடிப்பது பழைய சங்கதி, அதைப் பாத்திரத்துக்குப் பொருத்தியதில் கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை என்பது தீர்ப்பு. காப்புரிமை வழங்கி முத்திரையிட்டதாலேயே அது செல்லும் என்ற உத்தரவாதம் ஆகாது, கோர்ட்டில் அதை எதிர்த்து வாதாடலாம் என்று அந்தத் தீர்ப்பில் தெளிவாக எழுதினார்கள். நான்கு எழுத்தின் இந்திய வியாக்கியானம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அன்றைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 16 வருஷம். 1951இல் வாங்கியது 1967இல் முடிந்துபோகும். செத்துப் பதினோரு வருஷம் ஆனதற்கு 1978இல் தூக்குத் தண்டனை! கோர்ட் செலவுக்கு இரு தரப்பும் எத்தனை ஆயிரம் பாத்திரம் விற்றிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

இனி நம் ஊர். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் விருதுநகரும் சிவகாசியும் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. ஆனால் அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ மதுரையில். ஒரு கையெழுத்துக்குச் சிவகாசியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். 1985 மார்ச்சில் ஜில்லாவைப் பிரித்து விருதுநகரைத் தலைநகராக்கிய பிறகுதான் சிவகாசிக்காரர்களுக்கு மூச்சு வந்தது. அப்போது பட்டாசு உரிமக் கோப்புகள் என் மேஜைக்கு வரும். 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம், அதன் கீழ் விதிகள். சிறு ஆலைக்குக் கலெக்டர் உரிமம், அதற்கு மேல் வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம், பெரிசுக்கு நாக்பூர்.

ஒரு நாள் ஓர் அண்ணாச்சி வந்தார். பெயர் வேண்டாம், அவர் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். சின்ன ஆலை. தரைச்சக்கரத்தில் புதுசாக ஒன்று செய்திருந்தார், பாதி சுற்றில் நிறம் மாறும்.

"சார், இதுக்கு பேட்டன்ட் எடுக்கணும். இங்க எந்த செக்‌ஷன்ல மனு குடுக்கணும்?"

"இங்கே இல்லை அண்ணாச்சி, மெட்ராஸ் போகணும். போனா மருந்துக் கலவை விகிதம், திரி, அட்டைக் குழாய் எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும். அதை அவங்க வெளியிடுவாங்க."

"வெளியிடுவாங்களா? எல்லாரும் பாப்பாங்களே!"

"பார்க்கத்தான் வெளியிடறது."

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "அப்ப வேணாம் சார். என் ஃபோர்மேன் கலவையை அவன் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டான். லேபிள்ல மட்டும் பேட்டன்ட்னு போட்டுக்கலாமா?"

போடக்கூடாது. இந்தியாவில் காப்புரிமை பெறாத பொருளைப் பெற்றதாகக் காட்டி விற்பது 120ஆவது பிரிவின்படி குற்றம். அன்றைக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான், அதனால் அண்ணாச்சி சிரித்தார். 2023இல் திருத்திய பிறகு இன்றைக்குப் பத்து லட்சம் வரை போகலாம். இன்னொன்றையும் அவருக்குச் சொன்னேன். 'பேட்டன்ட்' என்று வெறுமே அச்சடித்தால் சட்டத்தின் கண்ணில் அது எச்சரிக்கையே ஆகாது. கூடவே காப்புரிமை எண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பியடித்தவன் எனக்குத் தெரியாது என்று நஷ்டஈட்டிலிருந்து தப்பலாம். பிரெஞ்சுக்காரன் சொல்லுக்குப் பக்கத்தில் மறுப்பை வைக்கச் சொன்னான். நம் சட்டம் எண்ணை வைக்கச் சொல்கிறது. மறுப்பு சட்டப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, வாங்குகிறவன் கண்ணில் படுவதில்லை. பிரெஞ்சு முறைதான் நேர்மை என்பது என் அபிப்பிராயம். அங்கே படித்தவன் என்பதால் சொல்லவில்லை.

அண்ணாச்சி கடைசியில் லேபிளில் ஒரு பறவைப் படம் போட்டு வியாபாரக் குறியாகப் பதிந்துகொண்டார். நம் ஊர்க் கடைகளில் பார்த்திருப்பீர்கள், சேவல், மயில், அணில் என்று படமும் ஓரத்தில் 'ரிஜிஸ்டர்டு' என்ற எழுத்தும். பதிவானது படமே தவிர உள்ளே இருக்கும் மருந்து அல்ல. ஆனால் பதிவு செய்த பட்டாசு நன்றாக வெடிக்கும் என்று நம்பி வாங்குகிறவர்களை நான் அறிவேன். எங்கள் பாட்டிக்கு இங்கேயும் வாரிசுகள் உண்டு.

பட்டாசுக்கு முன்னால் சிவகாசி தீப்பெட்டி ஊர். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று, 1923இல் திரும்பி வந்து தொடங்கிய கதையை நம் பக்கத்துக் குழந்தையும் சொல்லும். அவர்கள் யாருக்கும் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாத் தவணைகளும் முடிந்து, தீக்குச்சி அதற்குள் ஊர்ச் சொத்தாகியிருந்தது. பெட்டியின் பக்கத்தில் உரசினால் மட்டும் பற்றும் குச்சிக்கு ஸ்வீடனில் பாஷ் என்பவர் 1844இல் உரிமை வாங்கினார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். அதற்கும் முன்னால் 1831இல், பிரான்சில் தோல் என்ற ஊரில், ஷார்ல் சோரியா என்ற மாணவன் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்து எங்கே உரசினாலும் பற்றும் குச்சியைச் செய்துவிட்டான். காப்புரிமைக் கட்டணம் கட்டக் காசில்லை, அதனால் உரிமை இல்லை என்று சொல்வார்கள். பணம் வேறு நாட்டு முதலாளிகளுக்குப் போயிற்று.

அந்த வெள்ளைப் பாஸ்பரஸ் கொடியது. ஆலையில் வேலை செய்த பெண்கள், குழந்தைகளின் தாடை எலும்பு அழுகியது. 1898இல் பிரான்சின் அரசாங்கத் தீப்பெட்டி ஆலையைச் சேர்ந்த செவேன், காஹென் இருவரும் விஷமில்லாத வேறு பாஸ்பரஸ் சேர்மத்தைக் குச்சிக்குப் பயன்படுத்தும் வழி கண்டார்கள். அமெரிக்காவில் அந்த உரிமை டயமண்ட் மேட்ச் கம்பெனியிடம் இருந்தது. மற்ற ஆலைகள் விஷத்தையே பயன்படுத்த வேண்டிய நிலை. ஜனாதிபதி டாஃப்ட் கேட்டுக்கொண்டதும், 1911 ஜனவரியில் அந்தக் கம்பெனி தன் காப்புரிமையைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்தது. மறு வருஷம் அங்கே விஷக் குச்சிக்குப் பெரும் வரி போட்டு ஒழித்தார்கள். இந்தியாவிலும் 1913இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. சிவகாசி தொழில் தொடங்கியதற்குப் பத்து வருஷம் முன்பு! நம் ஊர்ப் பெண்களின் தாடை தப்பியது. மற்றதெல்லாம் தப்பியதா என்பது வேறு கதை.

தீப்பெட்டியில் இன்னொரு சர்க்கார் முத்திரையும் இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்டியைச் சுற்றி ஒட்டிய மெல்லிய காகிதப் பட்டை. பேண்ட்ரோல் என்போம். அதுவும் பிரெஞ்சுச் சொல்தான், சிறு கொடி என்று அர்த்தம். 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தபோது வந்தது. வரி கட்டியாயிற்று என்பதற்கு மட்டுமே அது அடையாளம். குச்சி பற்றுமா, நமத்திருக்குமா என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. ஆனால் பட்டை கிழிந்த பெட்டியைக் கடைக்காரர் நீட்டினால் வாங்கமாட்டோமே!

இப்போது இதையெல்லாம் எழுத வைத்த விஷயம். 2018 அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், புகை குறைந்த பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றைச் செய்யவோ விற்கவோ கூடாது என்றது. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது. நம் பக்கத்தில் எத்தனை ஆலைகள் கதவடைத்தன, எத்தனை குடும்பம் திருப்பூர் பஸ் ஏறியது என்று உங்களுக்கே தெரியும். பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை நாக்பூரில் இருக்கும் நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று பெயர். பழைய பட்டாசைவிடத் தூசுத் துகள் முப்பது சதவீதமாவது குறைய வேண்டும். கலவை வேண்டும் என்கிற ஆலை அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். கலவையை வெளியே சொல்லமாட்டேன் என்று ரகசிய ஒப்பந்தமும் உண்டு. அதாவது திறந்த கடிதமாக இல்லாமல், அரக்கு வைத்த கடிதமாகத்தான் தருகிறார்கள். பொதுப் பணத்தில் கண்ட கலவை, நாட்டின் காற்றுக்காகக் கண்ட கலவை. டயமண்ட் கம்பெனி 1911இல் செய்ததை எண்ணிப் பார்க்கிறேன். கண்டவன் கையில் பிடிமானம் வேண்டும், இல்லையேல் கண்டவன் எல்லாம் கலந்து பசுமை என்பான் என்ற எதிர்வாதத்திலும் பொருள் உண்டு.

பசுமைப் பட்டாசுப் பெட்டியில் அந்த நிறுவனத்தின் சின்னமும் கியூஆர் கட்டமும் அச்சாகிறது. 2021இல் போலிக் கட்டங்கள் பற்றியும், பசுமைப் பெயரில் பேரியம் விற்பது பற்றியும் சுப்ரீம் கோர்ட்டே பேசியது. 2025 அக்டோபர் 15ஆம் தேதி டெல்லி வட்டாரத்தில் சில நாளுக்கு மட்டும் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோதும், கியூஆர் கட்டம் இருக்கும் சரக்கையே விற்கலாம் என்றது. சிவகாசிச் சரக்கு லாரி ஏறுவதும் ஏறாததும் இன்றைக்கு அந்தச் சிறு கட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சின்னம் எதற்கு உத்தரவாதம்? போன தீபாவளிக்குக் கடையில் நின்றபோது ஒரு பெண் கேட்டாள், "அண்ணாச்சி, இது பசுமைப் பட்டாசுதானே, பிள்ளை கையில பிடிச்சு விடலாமா?" கடைப் பையன், "கவர்மென்ட் முத்திரை இருக்கு அக்கா, பயமில்ல" என்றான். புகை குறைவு என்பதற்கான கலவை அது. கையில் வெடிக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பசுமை மருந்தும் நெருப்பைக் கண்டால் வெடிக்கத்தான் செய்யும். அதைச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஊதுவத்தி ஒரு கட்டு சேர்த்து வாங்கிக்கொண்டு போனாள்.

ஆலைக்குள்ளும் இதே நம்பிக்கை உண்டு. சுவரில் தொங்கும் உரிமத்தில் எத்தனை கிலோ மருந்து, எந்த அறையில் எத்தனை ஆள், அறைக்கு அறை எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அப்படி நடந்தால்தான் உரிமம் செல்லும் என்பது அதன் பொருள். அப்படி நடக்கிறது என்று பொருளல்ல. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடிப்போன சுற்று வட்டாரத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் செய்தி வருகிறது. காகிதத்தின் அடியில், இதை நம்பி உள்ளே போகாதே, அறையில் ஆளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போ என்று தமிழில் ஒரு வரி அச்சடித்திருந்தால் என்ன என்று அந்தக் கோப்புகளைக் கட்டும்போதெல்லாம் தோன்றும். அப்படி அச்சடிக்க விதியில் இடமில்லை.

நிறம் மாறும் தரைச்சக்கரம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஃபோர்மேன் கலவையைத் தாளில் எழுதியதில்லை. மனக்கணக்கு, கை அளவு. அவர் காலமான பிறகு அண்ணாச்சியின் மகன் இரண்டு சீசன் முயன்று பார்த்தார். சக்கரம் சுற்றியது, நிறம் மாறவில்லை. பறவைப் படம் போட்ட லேபிள் மட்டும் இன்னும் ஓடுகிறது, அதில் இப்போது புஸ்வாணம் விற்கிறார்கள்.